ஃப்ளெக்ஸில் மட்டும் நேரான தோள்

1

போன வாரம் எங்கள் பட்டறையில் கேக் வெட்டினார்கள். நான் சாப்பிடவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம், அவ்வளவுதான்.

தென் ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். இடுப்பு, முழங்கால், கழுத்துக்கான பெல்ட்டுகளையும் பிரேஸ்களையும் வடிவமைப்பது என் தொழில். கொஞ்ச காலமாக முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும் பிள்ளைகளுக்கான பிரேஸ்கள்தான் என் வேலையில் பெரும்பகுதி. பார்ப்பதற்குக் கையில்லாத கவசம் போல இருக்கும். அக்குளிலிருந்து இடுப்பு வரை உடம்பை அணைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கூடு.

அன்று வந்தவள் பதினாறு வயதுப் பெண். வளர்ச்சி முடிந்துவிட்டது, வளைவு கூடவில்லை, இனிமேல் பிரேஸ் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அவளே கேக் சுட்டு எடுத்து வந்திருந்தாள். கடைசி பிரேஸை மேசைமேல் வைத்தாள். அதில் ஒரு விரல் வைக்க இடமில்லை. முழுக்க ஸ்டிக்கர்கள், வகுப்புத் தோழர்களின் கையெழுத்துகள். ஒரு பையன் முதுகுப் பக்கத்தில் பெரிய மீசை வரைந்திருந்தான். எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

சங்ககிரியில் என் அண்ணன் மகள் தர்ஷினி இருக்கிறாள். இவளைவிட ஒரு வயது இளையவள். அவளுக்கும் நான் ஒரு பிரேஸ் செய்தேன். அவள் முதுகில் இப்போது கம்பியும் திருகாணிகளும் இருக்கின்றன.

இதை ஜெர்மன்காரர்களுக்காக எழுதவில்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிற உங்களுக்காக எழுதுகிறேன். நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை.

2

இரண்டு கோடைக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். தர்ஷினிக்கு அப்போது பதின்மூன்று வயது. தரையோரம் இருந்த பிளக்கில் போனைச் சொருகக் குனிந்தாள். நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவள் முதுகின் வலது பக்கம் இடது பக்கத்தைவிட மேடாக எழும்பியது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அதுதானே தொழில். கைகளைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு முறை குனியச் சொன்னேன். சந்தேகமே இல்லை.

மறுநாள் சேலத்துக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். பிரேஸ் போட்டால் போதும், வளர்ச்சி நிற்கும் வரை கழற்றாமல் போட வேண்டும் என்றார் மருத்துவர். பள்ளிப் பையின் கனத்தால் வந்ததா என்று அண்ணன் கேட்டார். இல்லை. படுக்கும் விதத்தாலும் வருவதில்லை, சாப்பாட்டாலும் வருவதில்லை. யார் தப்பும் இல்லை. பிள்ளை வளரும்போது எலும்பும் வளைந்துகொண்டே வளர்கிறது. அதனால் வளரும்போதுதான் பிடிக்க முடியும். வளர்ந்து முடித்தபின் பிரேஸ் வெறும் பிளாஸ்டிக்.

இதை அண்ணனுக்கும் நங்கைக்கும் பொறுமையாக விளக்கினேன். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். அண்ணன் லாரி ஓட்டி, சொந்தமாக லாரி வாங்கி, இன்று சங்ககிரியில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதராக இருப்பவர். "நீ இருக்கறப்ப எனக்கென்ன அம்மிணி கவலை. நீயே பண்ணிக் குடு" என்றார். அந்த வார்த்தையை நான் நம்பினேன்.

சேலத்தில் மாவுக்கட்டுத் துணி வாங்கிவந்து அண்ணன் வீட்டிலேயே அச்சு எடுத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தர்ஷினி அசையாமல் நின்றாள். குளுகுளுவென்று இருக்கிறது என்றாள். காய்ந்ததும் வெட்டிக் கழற்றினால் தலையும் கையும் இல்லாத வெள்ளை உடம்பு. அதைப் பெட்டியில் வைத்து விமான நிலையத்துக்குப் போனபோது, திரையில் பார்த்த அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டார். சிலையா என்றார். "சிலை இல்லீங்க, என்ற அண்ணன் மக" என்று சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சிலை இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

3

பிரேஸ் செய்வது உடம்பை நெருக்குகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நெருக்குவது பாதிதான். வளைவு புடைத்திருக்கும் பக்கம் தள்ள வேண்டும், எதிர்ப்பக்கம் உடம்பு போய்ச் சேரக் காலியிடம் விட வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் பிள்ளை மூச்சுக்குத் திணறும், முதுகும் எங்கேயும் நகராது. தர்ஷினியின் பிரேஸில் அந்தக் காலியிடத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கினேன். சனிக்கிழமைகளில் பட்டறையில் வேலை செய்ய என் முதலாளி அனுமதித்தார். இங்குள்ள பிள்ளைகள் நாற்காலியில் உட்காருகிறவர்கள். தர்ஷினி தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவள். அதற்காகத் தொடைப்பக்கம் விளிம்பை மேலே தூக்கி வெட்டினேன். சேலத்து வெயிலுக்காகத் துளைகள் போட்டேன். என்ன நிறம் வேண்டும் என்று போனில் கேட்டபோது மயில் கழுத்து நிறம் என்றாள்.

தீபாவளிக்கு முன்பு அனுப்பிய பார்சல் பொங்கல் கழித்துத்தான் அவளிடம் போய்ச் சேர்ந்தது. சுங்கத்தில் மருத்துவர் கடிதம் கேட்டார்கள். கொடுத்தால், விற்பனைக்கு இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். ஒரு பிள்ளையின் உடம்புக்கு மட்டும் பொருந்தும் பொருளை யாரிடம் விற்பது என்று கேட்டேன். முத்திரை தெளிவாக இல்லை என்று கடிதத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் தர்ஷினி வளர்ந்துகொண்டிருந்தாள்.

எனக்கு இந்த ஊர் மொழி கஷ்டப்பட்டு வந்த மொழி. வந்த புதிதில் ஒருவர் "எனக்குக் க்ரொய்ட்ஸில் வலி" என்றார். அந்தச் சொல்லுக்குச் சிலுவை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். ஏதோ மத விஷயத்தில் மனம் நொந்தவர் என்று நினைத்து, சர்ச்சில் பேசிப் பாருங்கள் என்று ஆறுதல் சொன்னேன். அடி இடுப்புக்கும் இங்கே அதே சொல்தான். பட்டறையில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இங்கேயே பிறந்த என் மகள் மித்ராவுக்கு அது சிரிப்பாக இல்லை, வெட்கமாக இருக்கிறது. தமிழில் பேசினால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். தர்ஷினிக்கும் அவளுக்கும் ஒரே வயது. இருவரும் போனில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார்கள். என்னிடம் பேசாதவள் அவளிடமாவது பேசுகிறாளே என்று விட்டுவிட்டேன்.

தர்ஷினி நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தாள். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும்போது வீடியோவில் பார்ப்பேன். பிரேஸ் போட்டுக்கொண்டு நிற்பாள். எங்கே அழுத்துகிறது, எங்கே சிவக்கிறது என்று கேட்பேன். சரியாகச் சொல்வாள். எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொன்னால் மட்டும் அண்ணன் பரீட்சை முடியட்டும் என்பார். ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பரீட்சை இருந்தது.

4

இந்த மே மாதம் மித்ராவைக் கூட்டிக்கொண்டு போனேன். சங்ககிரிக்குள் நுழையும் திருப்பத்தில் கார் மெதுவாகப் போனபோது தர்ஷினியின் முகம் ஆளுயரத்துக்கு நின்றது. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள் என்று பள்ளிக்கூடம் வைத்த ஃப்ளெக்ஸ். அண்ணன் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் தோளுக்குப் போனது. இரண்டு தோளும் அளந்து வைத்தது போல ஒரே உயரத்தில் இருந்தன. பிரேஸ் இவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறதே என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் தர்ஷினி வந்து நின்றாள். அவள் வலது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. சுடிதாரின் ஒரு பக்கம் கணுக்கால் வரை இறங்கி, மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஃப்ளெக்ஸ் அடித்தவர் கணினியில் தோளை நேராக்கியிருந்தார். என்னிடம் கேட்டுச் செய்தது போல அத்தனை கச்சிதமாக.

பிரேஸை எடுத்து வரச் சொன்னேன். நங்கைதான் பீரோவிலிருந்து எடுத்து வந்தார். கையில் வாங்கியவுடனே தெரிந்துவிட்டது. போட்டுப் பழகிய பிரேஸின் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையில் பனியன் நூலும் தலைமுடியும் சிக்கியிருக்கும். உள்ளே ஒட்டிய மெத்தைகள் நசுங்கிப் பளபளக்கும். எவ்வளவு கழுவினாலும் வியர்வை வாசம் இருக்கும். இது என் பட்டறையில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கும் அடுப்பிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பட்டையின் முட்கள் விரலில் குத்தின. அந்துருண்டை வாசம் அடித்தது. வீடியோவில் என்னிடம் காட்டுவதற்கு மட்டும் எடுத்துப் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

நேரே அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயை விளக்கொளியில் மாட்டியதும் மருத்துவர் திரும்பி என்னைப் பார்த்தார். வளர்ச்சி அநேகமாக முடிந்துவிட்டது. வளைவு பிரேஸ் தாங்கும் எல்லையைத் தாண்டி எங்கோ போய்விட்டது. இப்படியே விட்டால் நுரையீரலை அமுக்கும், அறுவை சிகிச்சைதான் என்றார். எனக்கு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

5

வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று கேட்டேன். அண்ணன் பள்ளிக்கூடத்தைச் சொன்னார். விடுதியில் காலை விடியும் முன்பிருந்து இரவு வரை படிக்க உட்கார வைக்கிறார்கள், இதைப் போட்டுக்கொண்டு அத்தனை நேரம் உட்கார முடியாது என்று அவர்களே கூப்பிட்டுச் சொன்னார்கள் என்றார். பத்தாவது முடியட்டும் என்றார்களாம். நங்கைதான் உண்மையைச் சொன்னார்.

"அம்மிணி, நீ சொல்லிப்போட்டு பிளேன் ஏறிப் போயிருவே. இது நாலு சனம் வந்து போற ஊடு. புள்ளைக்கு முதுகுல கோளாறுன்னு ஒரு பேச்சுக் கெளம்பிருச்சுன்னா அப்பறம் அத யாரு அமுத்தறது? நாளைக்கு ஒரு எடத்துல சம்மந்தம் பேசப் போனா மொதல்ல இதானே வந்து நிக்கும்?"

கதவோரம் ஆணியில் ஒரு பெல்ட் தொங்கியது. இடுப்பு வலிக்கு லாரிக்காரர்கள் போடும் அகலப் பட்டை. அண்ணனுடையது. பல வருடமாக அங்கேதான் தொங்குகிறது.

"அண்ணா, அது என்னதுங்க?" என்றேன்.

"பெல்ட்டு."

"வர்றவங்க போறவங்க பாக்கறாங்கல்ல? பாத்துட்டு என்ன சொல்றாங்க?"

அவர் பெல்ட்டைத் திரும்பிப் பார்த்தார். நானே சொன்னேன். "ஒழச்ச மனுசன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்க போட்டா ஒழப்பு. அவ போட்டாக் கோளாறுங்களா?"

தர்ஷினி உள்ளே இருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நேராக நிற்க அவளால் முடியவில்லை. "நா போட்டுக்கறேன்னுதான் சொன்னேன் அத்தே" என்றாள். விடுதியில் முதல் வாரம் போட்டிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் கதவைத் தட்டுவது போல முதுகில் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். அது ஒன்றும் தனக்குப் பெரிதாக இல்லை என்றாள். பிறகு பள்ளியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள், அம்மா வந்து எடுத்துப் போய்விட்டார்கள். "என்னய யாருமே கேக்கலீங்" என்றாள். அழவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அந்தப் பள்ளிக்குப் போனேன். முதல்வர் காபி வரவழைத்தார். தர்ஷினி தங்கள் பள்ளியின் சொத்து என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறவில்லை. "உங்க ஊரு மாதிரி இல்லைங்க மேடம். இங்க அரை மார்க்குல சீட்டுப் போயிரும். அந்த டப்பாவ மாட்டிக்கிட்டு எப்படிங்க படிப்பா? பெத்தவங்களும் ஒத்துக்கிட்டாங்க" என்றார். பொதுத்தேர்வுத் தேதியைப் பார்த்து எலும்பு வளர்வதை நிறுத்திவைக்குமா என்று கேட்டேன். பதினொன்றாம் வகுப்புக்குக் கட்டணச் சலுகை தருவதாகச் சொன்னார். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வாசலிலும் அதே ஃப்ளெக்ஸ் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்று எழுதினால் உங்களுக்குப் படிக்க இதமாக இருக்கும். அண்ணன் பாசமானவர். நங்கை பிள்ளைக்காக உயிரைக் கொடுப்பார். தெரியும். ஆனால் அவள் எப்படி நிற்கிறாள், எப்படி மூச்சு விடுகிறாள் என்பதைவிட யார் என்ன சொல்வார்கள் என்பது அந்த வீட்டில் பெரிதாக இருந்தது. அந்தப் பாசத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

6

அன்று சாயங்காலம் மித்ரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றாள். தர்ஷினி எல்லாவற்றையும் அவளிடம் எழுதியிருக்கிறாள். உன் அம்மாவிடம் சொல்லாதே, சொன்னால் அத்தையும் என் அப்பாவும் சண்டை போட்டுக்கொள்வார்கள், அப்புறம் நீங்கள் இங்கே வரவே மாட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மித்ராவை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். நான் பட்டறையில் அந்தப் பிரேஸைச் செதுக்கிய சனிக்கிழமைகளில் இவளும் என்கூட வந்து ஒரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தவள்தான், நான் பட்ட பாட்டை நேரில் கண்டவள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். வழக்கம்போல ஜெர்மனில் சொல்லாமல், தேடித் தேடித் தமிழில் சொன்னாள்.

"நீங்க எல்லாரும் அவ முதுகு பத்தி மட்டும் பேசுறீங்க. அவகிட்ட யாரும் பேசல. நான் மட்டும்தான் பேசினேன். அதையும் போகவிட எனக்கு பயம்."

தொடைக்கடியிலிருந்து கையை எடுத்தேன். கோபம் மட்டும் குறையவில்லை.

விடுமுறையை நீட்டிக்கொண்டு அங்கேயே இருந்தேன். ஜூன் மாதம் கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரை திறந்து, எலும்புக்கு எலும்பு திருகாணி போட்டு, கம்பியால் நிமிர்த்திக் கட்டினார்கள். நாள் முழுக்க நடந்தது. அண்ணன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்காரவே இல்லை, நடந்துகொண்டே இருந்தார். பிழைத்துக்கொள்வாளா என்று என்னிடம் கேட்டார். பிழைப்பாள், ஆனால் இடுப்புக்கு மேலே வளைந்து குனிய மாட்டாள் என்றேன். இந்த வயதில் ஒரு பிள்ளையின் முதுகு ஒரே துண்டாகிவிடுவது என்னவென்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

கண் விழித்ததும் தர்ஷினி முதலில் கேட்டது, எவ்வளவு உயரம் கூடியிருக்கிறேன் என்று. வலியில் உதடெல்லாம் வெடித்திருந்தது. நேராகிவிட்டாள். செவிலியர்கள் பிடித்துக்கொள்ள எழுந்து நின்றபோது இரண்டு தோளும் சமமாக இருந்தன.

அன்று மாலை உறவினர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். நங்கை எல்லோரிடமும் அப்பண்டிஸ் ஆப்பரேஷன் என்று சொன்னார். கட்டிலில் கிடந்த தர்ஷினிக்குக் கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டு சொன்னார். நான் போனைப் பிடுங்கப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, விடு அம்மிணி என்றார்.

நான் திரும்பி வந்துவிட்டேன். பட்டறையில் வேலை காத்திருந்தது. ஒரு பையனுக்கு முழங்கால், ஓர் அம்மாவுக்கு மணிக்கட்டு. யாரும் எதையும் மறைக்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

7

நேற்று நங்கை போன் செய்தார். எடுத்தவுடனே, "உன்ற மருமவ என்ன பண்ணிப்போட்டா தெரியுமா?" என்றார்.

ஆத்தூரில் ஒரு காதுகுத்து. சொந்தமெல்லாம் வந்திருந்தார்கள். நங்கைக்குப் பெரியம்மா மகள் முறையில் ஒருவர், வயதில் மூத்தவர், பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்திருக்கிறார். புள்ளைக்கு அப்பண்டிஸ் ஆப்பரேஷன் ஆச்சாமே, வயிற்று வலி தேவலையா என்று. நங்கை பதில் சொல்வதற்குள் தர்ஷினி இலையை விட்டு எழுந்திருக்கிறாள். முதுகைத் திருப்பி, சடையை முன்பக்கம் எடுத்துப் போட்டு, ரவிக்கைக்கு மேலே தெரிந்த தழும்பைக் காட்டியிருக்கிறாள்.

"வயித்துல இல்லீங் பெரிம்மா. இங்க. முதுகு வளஞ்சிருந்துச்சு, கம்பி வெச்சிருக்குது. அத்தை பண்ணிக் குடுத்த பெல்ட்டப் போட்டிருந்தா இது வேண்டியதில்லீங். போட உடல."

பந்தியில் பேச்சு நின்றுவிட்டதாம். தனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது என்றார் நங்கை. இனி யார் முகத்தில் விழிப்பது என்றார். சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். மித்ரா எதிரே இருந்து, என்ன என்று கண்ணால் கேட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பறம் என்ன ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

பந்தி முடிந்ததும் அந்த அம்மாள் தர்ஷினியைத் தனியாக உள்ளறைக்குக் கூப்பிட்டாராம். அங்கே அவருடைய பேத்தி இருந்தாள். பதினோரு வயது. அவளுக்கும் ஒரு பக்கம் தோள்பட்டை தூக்கிக்கொண்டிருக்கிறது என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். தர்ஷினி அந்தக் குழந்தையைக் கை சேர்த்துக் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். நாளைக்கே எக்ஸ்ரே எடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"அந்தப் புள்ளைக்கு நீ ஒண்ணு பண்ணித் தருவியான்னு கேக்கறாங்க அம்மிணி" என்றார் நங்கை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா வெளிய ஒருத்தருக்கும் தெரியாம பண்ணோணுமாம்."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். மித்ரா என் கையைத் தொட்டாள். அவகிட்ட யாரும் பேசல என்று அன்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது.

"தர்ஷினி பக்கத்துல இருக்காளுங்களா?" என்றேன்.

"இங்கதான் நிக்கறா."

"போன அவகிட்டக் குடுங்க. அந்தப் புள்ளயோட ஊட்டுல என்ன பேசோணும்னு அவ சொல்லட்டும்."

நங்கை மறுபடி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பிறகு சொல்லாமல் நிறுத்திக்கொண்டு, போனைக் கை மாற்றினார்.